பால் சங்கத்துச் சுவரில் எழுத ஒரு முதலுதவிக் குறிப்பு: பாம்புக்கடி, நாய்க்கடி பற்றித் தெரிந்தவர்கள் திருத்தித் தரவும்

கேள்வி: பென்னாகரத்தான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பென்னாகரம் வட்டத்தில், ஒகேனக்கல் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூர். கேழ்வரகும் நிலக்கடலையும் அவரையும் பயிரிட்டு, மாடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களே இங்கு அதிகம்.

கடந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு, வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்த என் அத்தை, 3 மணியளவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரவு உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் எண்ணி, ஓமம் கொதிக்க வைத்த தண்ணீரைக் கொடுத்தோம். இரண்டு முறை வாந்தி எடுத்தார். 5 மணிக்குக் காபி கொடுத்தபோது விழுங்க முடியாமல் அது வாயோரம் வழிந்தது. கண் இமைகள் தூக்கக் கலக்கம் போலப் பாதி மூடிக் கிடந்தன. உடம்பில் எங்கும் வீக்கமோ ரத்தமோ இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் பாயை உதறிப் பார்த்தபோதுதான் அதனடியிலிருந்து கறுப்பு உடலில் வெள்ளை வளையங்கள் கொண்ட பாம்பு வெளியேறியது. பிறகு ஒருவர் மிளகைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று கேட்டார், ஒருவர் சிறியாநங்கை இலையைத் தேடிப் போனார், இன்னொருவர் மந்திரிப்பவரை அழைத்து வந்தார். மருத்துவமனையை அடைந்தபோது மணி 7.30. அத்தை நான்கு நாட்கள் வென்டிலேட்டரில் இருந்து, இறைவன் அருளாலும் மருத்துவர்களின் உழைப்பாலும் பிழைத்து வந்துவிட்டார். ஆனால் நாங்கள் வீணாக்கிய அந்த நான்கரை மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உறக்கம் வருவதில்லை.

அதற்கு அடுத்த மாதம் எங்கள் தெருவில் ஆறு வயதுச் சிறுவனை ஒரு நாய்க்குட்டி கெண்டைக்காலில் கடித்தது. சுண்ணாம்பையும் மிளகாய்ப் பொடியையும் குழைத்துக் காயத்தில் அப்பியிருந்தார்கள். அவன் கதறியதைக் கேட்ட பிறகுதான், ஊரில் எல்லோரும் பார்க்கும் ஓரிடத்தில் சரியான முறையை எழுதி வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பால் சங்கத்தின் வெளிச்சுவரில் ஆறடிக்கு நான்கடி இடம் தருவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டுள்ளார். காலையும் மாலையும் பால் ஊற்ற வருபவர்கள் வரிசையில் நிற்கும் இடம் அது.

நான் எழுதி வைத்திருக்கும் வரிகள் இவை: பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே துணியால் மிதமாகக் கட்டவும். என்ன பாம்பு என்று உறுதி செய்து, முடிந்தால் அடித்து எடுத்துச் செல்லவும். கடிபட்டவரைத் தூங்க விடக் கூடாது. நாய் கடித்தால் சோப்பினால் கழுவவும். வீட்டு நாயானால் 10 நாட்கள் பார்த்துவிட்டு, அது செத்தால் மட்டும் ஊசி போடவும்.

சுவரில் ஒருமுறை எழுதிவிட்டால் ஊரே அதை நம்பும். தவறு இருந்தால் அது என் கையால் நேர்ந்த தீங்காகிவிடும். எனவே மருத்துவத் துறையில் உள்ளவர்களும் பட்டறிந்தவர்களும் தயவுசெய்து ஒவ்வொரு வரியையும் பார்த்துத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: ஓய்வு பெற்ற செவிலியர், அரூர்

தம்பி, உங்கள் அத்தை பிழைத்தது குறித்து மனம் நிறைந்த மகிழ்ச்சி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருப்பவற்றுள் சோப்பினால் கழுவச் சொன்ன வரியைத் தவிர மற்றவற்றை அப்படியே சுவரில் ஏற்றாதீர்கள்.

முதலில் கட்டு. மிதமான கட்டு என்று நீங்கள் எழுதினாலும், பதறும் கை மிதமாகக் கட்டாது. நான் பார்த்த கால்களில் சேலைக் கரையும் பிளாஸ்டிக் கயிறும் சைக்கிள் டியூபும் சதைக்குள் புதைந்து கிடந்தன. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு சதையை அழிக்கக்கூடியது. அதைக் கட்டிப்போட்டு ஓரிடத்திலேயே தேக்கினால் அந்தக் கால் அழுகும் வாய்ப்பு கூடுகிறது. கட்டை அவிழ்த்தவுடன் தேங்கிய நஞ்சு ஒரே நேரத்தில் உடலுக்குள் பாய்வதும் உண்டு. ஆகவே கட்டவே கூடாது. யாரேனும் முன்பே இறுக்கிக் கட்டியிருந்தால், அதை வீட்டிலோ வழியிலோ வெடுக்கென்று அவிழ்க்கவும் கூடாது. மருத்துவமனையில் மருந்தும் மருத்துவரும் பக்கத்தில் இருக்கும்போது மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டியது அது. கடிவாயைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுடுவது, பனிக்கட்டி வைப்பது, விஷக்கல் ஒட்டுவது ஆகிய எதிலும் பயனில்லை. ரத்தம் உறையும் தன்மையை நஞ்சு அழித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் காலைக் கீறினால் அந்த ரத்தம் நிற்காது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

கட்டுவதற்குப் பதிலாக எலும்பு முறிந்தவருக்குச் செய்வது போலச் செய்யுங்கள். கால் என்றால் ஒரு மூங்கில் பட்டையையோ பலகைத் துண்டையோ பக்கவாட்டில் வைத்து, துண்டுத் துணியால் தளர்வாகச் சுற்றி, அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விரல் நுழையும் தளர்வு இருக்க வேண்டும். தசை அசைய அசைய நஞ்சு விரைந்து பரவும் என்பதால், கடிபட்டவரை நான்கு எட்டுகூட நடக்க விடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் ஏறுவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். வீங்கிய விரலில் மெட்டி இறங்கி நின்றதையும், அதை வெட்டி எடுக்கக் கருவி தேடி நாங்கள் அலைந்ததையும் பலமுறை பார்த்திருக்கிறேன். வாந்தி எடுப்பவரை மல்லாக்கப் படுக்க வைக்காமல் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உண்ணவோ குடிக்கவோ எதுவும் வேண்டாம். உங்கள் அத்தையின் காபி மூச்சுக்குழலுக்குள் போயிருந்தால் அதுவே அவர் உயிரைப் பறித்திருக்கும்.

இனி, பாம்பை அடையாளம் காண்பது. அதைத் தேடி அடிக்கும் நேரத்தில் இரண்டாவது ஆளும் கடிபடுவார். அடித்த பாம்பின் துண்டான தலைகூடச் சில நேரம் கடிக்கும். எட்ட நின்று கைப்பேசியில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். நாம் இங்கு பயன்படுத்தும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தரும் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து இதைச் செய்கிறார்கள். நான்குக்கும் மருந்து ஒன்றே என்பதால், பாம்பு எதுவென்று தெரியவில்லையே என்று யாரும் வீட்டில் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

மருத்துவமனையில் நாங்கள் பாம்பை விட உடம்பைத்தான் பார்ப்போம். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் நிறுத்தி வைப்போம். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்ப்போம். ரத்தம் கட்டியாகாமல் தண்ணீர் போல ஓடினால் அது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நஞ்சின் அடையாளம். இமை தாழ்வது, பார்வை இரண்டாகத் தெரிவது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமை, ஒரே மூச்சில் எண்ணக்கூடிய எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவது ஆகியவை நரம்பைத் தாக்கும் நஞ்சின் அடையாளங்கள். அறிகுறி இருந்தால் பொதுவாக 10 குப்பிகள் வரை முதலில் நரம்பு வழியே ஏற்றுவார்கள். பாம்பு குழந்தை என்று பார்த்து நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை. அதனால் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். இம்மருந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அப்போது அட்ரினலின் போட்டு உடனே சமாளிக்க வேண்டும் என்பதால், இதை வீட்டுக்கு வரவழைத்துப் போட்டுக்கொள்ள வழியில்லை. முதலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று இரவில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவோர்தான் எங்களை மிகவும் அஞ்ச வைப்பவர்கள்.

உங்கள் அத்தையைக் கடித்தது கட்டுவிரியன். அதன் பல் மிகச் சிறியது. வலி பெரும்பாலும் இராது. கடிவாய் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஆகவே சுவரில் இதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: தரையில் படுத்திருந்தவர் நள்ளிரவிலோ விடியலிலோ காரணமில்லாத வயிற்று வலி, வாந்தி, இமை தாழ்வு, விழுங்க முடியாமை ஆகியவற்றோடு எழுந்தால், கடிவாயைத் தேடிக்கொண்டிராமல் பாம்புக்கடி என்றே எண்ணி உடனே புறப்படவும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கட்டுவிரியன் நஞ்சு முற்றியவர் விழியைக்கூட அசைக்க முடியாமல், கண்மணி விரிந்து, பிணம் போலத் தோன்றுவார். ஆனால் அவர் காதில் நாம் பேசுவது விழுந்துகொண்டிருக்கலாம். மூச்சுக்கு மட்டும் துணை கொடுத்தால் அவரே சில நாட்களில் எழுந்து உட்காருவார். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே செல்லுங்கள். இறந்துவிட்டார் என்று வண்டியைத் திருப்பிவிடாதீர்கள்.

தூங்க விடக் கூடாது என்ற வரி தேவையே இல்லை. நஞ்சு தூக்கத்தால் ஏறுவதில்லை. கன்னத்தில் அறைந்து எழுப்புவதால் அச்சமும் நாடித்துடிப்பும்தான் ஏறும். அவரோடு அமைதியாகப் பேசிக்கொண்டிருங்கள், அது போதும்.

பதில்: மாந்தோப்புக்காரர், காவேரிப்பட்டினம்

செவிலியர் அம்மா சொன்னதற்கு நான் உயிருள்ள சாட்சி என்பதால் எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், மாலை மங்கிய நேரம், கேழ்வரகுத் தாள் போரிலிருந்து மாட்டுக்குத் தீனி உருவிக்கொண்டிருந்தபோது கண்ணாடி விரியன் என் வலக் கணுக்காலில் கடித்தது. குக்கர் விசில் அடங்கும்போது எழுவது போன்ற அதன் சீற்றத்தைக் கடிப்பதற்கு முன்பே கேட்டேன். ஆனால் அது போருக்குள்ளிருந்து வருகிறது என்று எனக்கு உறைக்கவில்லை. தீக்கோலை வைத்து அழுத்தியது போன்ற வலி. அரை மணிக்குள் பாதம் பந்து போல வீங்கிவிட்டது.

நான் செய்த தவறு, வலி தாங்காமல் முதலில் வழியிலிருந்த ஒரு சிறு மருத்துவகத்துக்குச் சென்றது. அங்கே பாம்புக்கடி என்று சொல்லியும் இடுப்பில் ஒரு வலி ஊசி போட்டு, ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். என் ரத்தம் அதற்குள் உறையும் தன்மையை இழந்திருந்ததால், ஊசி குத்திய இடத்திலேயே உள்ளுக்குள் ரத்தம் கசிந்து உள்ளங்கை அகலத்துக்குக் கருத்துக் கட்டியது. ஈறிலிருந்தும் ரத்தம் வந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தக் கண்ணாடிக் குழாய்ச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அதற்குள் சிறுநீரகம் பழுதடைந்துவிட்டது. சிறுநீர் முதலில் தேநீர் நிறத்தில் வந்து, பின்பு வருவதே நின்றது. பதினொரு முறை டயாலிசிஸ் செய்த பிறகே சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது. மருந்து உடலில் சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சைத்தான் முறிக்கும், அது ஏற்கெனவே செய்து முடித்த அழிவைத் திருப்பித் தராது என்று சிறுநீரக மருத்துவர் எனக்கு விளக்கினார். நான் இழந்த அந்த ஒரு மணி நேரத்தின் விலை எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆகையால் தம்பி, சுவரில் இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வலி ஊசியோ, டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளோ கூடாது. விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகச் செல்ல வேண்டும். எங்களுக்குக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, உங்களுக்குப் பென்னாகரம் அரசு மருத்துவமனையோ தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ என்று ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். ‘அருகிலுள்ள மருத்துவமனை’ என்று பொதுவாக எழுதினால் என்னைப் போல வழியில் எங்காவது நின்றுவிடுவார்கள்.

மந்திரிப்பவர்களைப் பற்றி ஒரு சொல். எங்கள் ஊர் மந்திரிப்பவர் பொய்யர் அல்லர். அவர் கையில் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும் மெய். ஆனால் சாரை, தண்ணீர்ப் பாம்பு போன்றவற்றுக்கு நஞ்சே இல்லை. நஞ்சுள்ள பாம்பும் சில நேரம் நஞ்சைச் செலுத்தாமல் வெறுமனே கடித்துவிட்டுப் போகும். அத்தகையவர்கள் வேப்பிலை அடித்தாலும் பிழைப்பார்கள், அடிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். இதை நான் அவரிடமே அமர்ந்து பேசினேன். இப்போது அவர் தம்மிடம் வருபவரின் நெற்றியில் திருநீற்றை இட்டு, அதே வண்டியில் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார். உங்கள் ஊரிலும் அவரைப் பகைத்துக்கொள்ளாமல் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: கால்நடைத் துறைப் பணியாளர், ஓசூர்

நாய்க்கடி பற்றிய வரிகளை நான் எடுத்துக்கொள்கிறேன். பாம்புக்கடியில் மணிக்கணக்கில் நேரம் போகிறது. ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோயில் வாரக்கணக்கில் நேரம் இருப்பது போலத் தோன்றுவதே ஆபத்து. கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மூளையை நோக்கி ஊர்ந்து செல்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களில் நோய் வெளிப்படும். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் அதன் பிறகு மருத்துவம் அநேகமாகப் பயன்படுவதில்லை. ஆனால் அதற்கு முன்பு முறையாகச் செய்தால் ஏறக்குறைய முற்றிலும் தடுக்கக்கூடிய நோய் இது.

கழுவுவதை ஏதோ சடங்கு போல முடித்துவிடுகிறார்கள். ஓடும் தண்ணீரில், சோப்பு நுரை காயத்தின் உள்ளே படும்படி, 15 நிமிடம் கழுவ வேண்டும். பம்பு செட்டுத் தண்ணீரோ, தெருக்குழாயோ, சொம்பால் ஊற்றுவதோ எதுவானாலும் சரி. 15 நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்; அழும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஒருவர், தண்ணீர் ஊற்ற ஒருவர் தேவை. ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பினால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். இதனால்தான் பத்து ரூபாய்ச் சோப்பு இவ்வளவு பெரிய மருந்தாகிறது. பிறகு போவிடோன் அயோடின் இருந்தால் தடவலாம். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபித் தூள், மூக்குப் பொடி, எருக்கம்பால் எதுவும் வேண்டாம். இவை காயத்தைப் புண்ணாக்கிக் கிருமியை இன்னும் உள்ளே தள்ளும். காயத்தைக் கட்டவும் வேண்டாம், தையலும் உடனே போடலாகாது.

‘10 நாட்கள் பார்த்துவிட்டு ஊசி’ என்ற வரியை அடியோடு அழித்துவிடுங்கள். அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. ஊசியை முதல் நாளே தொடங்க வேண்டும். நாயையும் கூடவே 10 நாட்கள் பார்க்க வேண்டும். அது உயிரோடும் நலத்தோடும் இருந்தால் மீதி ஊசிகள் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். குட்டிதானே என்றும், வீட்டில் வளர்த்ததுதானே என்றும், நகம் மட்டும்தானே பட்டது என்றும் விட்டுவிடக் கூடாது. ரத்தம் வராத சிறு கீறலுக்குத் தடுப்பூசி போதும். தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ, இருந்த புண்ணில் நாய் நக்கினாலோ, எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டாலோ, தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றியும் காயத்துக்குள்ளும் செலுத்த வேண்டும். தடுப்பூசி உடலில் எதிர்ப்பை வளர்க்க ஒரு வாரத்துக்கு மேலாகும். அந்த இடைவெளியில் காயத்திலேயே நின்று காவல் காப்பது இந்த மருந்து. குதிரையிலிருந்து எடுப்பதானால் உடல் எடையில் கிலோவுக்கு 40 அலகு. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 800 அலகு. உங்கள் தெருச் சிறுவனுக்கு இது போடப்பட்டதா என்று அவன் சீட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். முதல் தடுப்பூசிக்குப் பின் 7 நாட்கள் வரைதான் இதைப் போட முடியும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் ஊர்ப்பக்கம் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் இரு தோள்களிலும் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள். இந்தக் கணக்கு மக்களுக்குக் குழப்பமாக இருப்பதால் கிழமையாகச் சொல்லுங்கள்: முதல் ஊசி திங்கள் என்றால், அடுத்தது வியாழன், மூன்றாவது மறு திங்கள், கடைசி ஊசி முதல் திங்களிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதைப் போடலாம்.

பால் சங்கத்துச் சுவர் என்பதால் மாட்டைப் பற்றியும் எழுதுங்கள். வெறிநாய் கடித்த மாடு சில வாரங்களில் எச்சில் ஒழுக்கி, தீனி எடுக்காமல், ஓயாமல் கத்தும். தொண்டையில் எதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி அதன் வாய்க்குள் கையை விட்டுத் துழாவுகிறார்கள். கையில் சிறு சிராய்ப்பு இருந்தாலும் அது நாய்க்கடிக்குச் சமம். ஒரே மாட்டின் வாயில் மூன்று பேர் மாறி மாறிக் கைவிட்ட ஒரு வீட்டுக்கு நானே சென்றிருக்கிறேன். மூவரையும் அன்றே ஊசிக்கு அனுப்பினோம். கடிபட்ட மாட்டுக்கும் காயத்தைக் கழுவிவிட்டு, 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் தடுப்பூசி போட வேண்டும்; கழுவுபவர் கையுறை அணிவது நல்லது.

பென்னாகரத்தான்

உங்கள் மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சிறுவனின் சீட்டைப் பார்த்துவிட்டேன். முதல் நாளே இம்யூனோகுளோபுலின் போட்டிருக்கிறார்கள். கடைசி ஊசி மட்டும் மீதமுள்ளது, அன்று நானே அழைத்துச் செல்வேன்.

இரண்டு ஐயங்கள் உள்ளன. வெறிநாய் கடித்த மாட்டின் பாலைச் சங்கத்தில் ஊற்றியது தெரிய வந்தால், அதைக் குடித்தவர்கள் எல்லோரும் ஊசி போட வேண்டுமா? மேலும், எங்கள் ஊரில் இரவு 10 மணிக்கு மேல் கார் கிடைக்காது. 108 வந்து சேர நேரமாகும் என்றால் இருசக்கர வண்டியில் ஏற்றிப் போகலாமா?

பதில்: கால்நடைத் துறைப் பணியாளர், ஓசூர்

காய்ச்சிய பாலினால் ரேபிஸ் பரவாது. கொதிக்கும் சூட்டில் கிருமி அழிந்துவிடும். காய்ச்சிக் குடித்தவர்கள் அஞ்ச வேண்டியதில்லை, ஊசியும் தேவையில்லை. ஆனால் நோய் கண்ட மாட்டைக் கறக்கவே கூடாது, அதன் பாலைச் சங்கத்துக்குக் கொண்டுவரவும் கூடாது. பச்சைப் பாலாகவே குடித்தவர் யாரேனும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி ஆலோசனை பெறட்டும்.

பதில்: தேன்கனிக்கோட்டை மலையூர்

வண்டி பற்றிய கேள்விக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்களுக்கும் மலைப்பாதைதான். சில இரவுகளில் யானைக் கூட்டம் சாலையை மறித்து நிற்கும்; அப்போது எந்த வண்டியும் நகராது. இருசக்கர வண்டியைத் தவிர வேறு வழியில்லை என்றால், ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் நடுவில் கடிபட்டவரை அமர வைத்து, பின்னால் இருப்பவர் அவரைத் தன் உடலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடிபட்டவரே வண்டி ஓட்டிச் செல்லக் கூடாது. இமை தாழ்ந்தால் வழியிலேயே விழுவார். நாங்கள் செய்வது இது: முதலில் 108ஐ அழைத்துவிட்டு, நாங்கள் வண்டியில் கீழே இறங்கத் தொடங்கிவிடுவோம், ஆம்புலன்ஸ் மேலே ஏறி வரும், இடையில் தார்ச்சாலையில் சந்தித்து மாற்றிக்கொள்வோம். எந்த இடத்தில் சந்திப்பது என்று தொலைபேசியிலேயே முடிவு செய்ய வேண்டும். ஆகவே உங்கள் சுவரில் ஊர்ப் பெயர், வட்டம், அடையாளமான கோயில் அல்லது பள்ளி ஆகியவற்றை 108க்குச் சொல்ல வேண்டிய அதே வரிசையில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் சொந்த ஊரின் வழியே மறந்துவிடுகிறது.

கடித்த நேரத்தையும் முதல் அறிகுறி தெரிந்த நேரத்தையும் நினைவில் வைக்கச் சொல்லுங்கள். வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் காலில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதிவிட்டால் மருத்துவர்களுக்கு அது மிகவும் உதவும். எங்கள் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் பலர் என்பதால் பள்ளிச் சுவரில் மூன்று மொழியிலும் எழுதியுள்ளோம். உங்கள் ஊரில் படிக்கத் தெரியாத முதியோர் இருந்தால், பலகை வைத்துக் கட்டிய ஒரு காலின் படத்தையும் குழாயடியில் கழுவும் ஒரு கையின் படத்தையும் வரைந்துவிடுங்கள்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்துள்ளது. எந்த ஊரில் எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்ற கணக்கு சேர்ந்தால்தான் மருந்தை எங்கே எவ்வளவு வைப்பது என்று திட்டமிட முடியும். வீட்டிலேயே மந்திரித்து முடித்துவிட்டால் அந்தக் கணக்கில் நம் ஊர் வராது.

பென்னாகரத்தான்

நேற்று சுவரை வெள்ளையடித்துவிட்டோம். உங்கள் திருத்தங்களை எல்லாம் சேர்த்துக் கரும்பலகையில் ஒருமுறை எழுதிப் படித்துக் காட்டியபோது, பெண்கள் ஒரே ஒரு வரிக்குத்தான் தயங்கினார்கள். கணவர் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா என்று என் அத்தையே கேட்டார். அந்த வரியை எடுத்துவிடலாமா என்று செயலாளர் கேட்கிறார். என்ன செய்வது, அம்மா?

பதில்: ஓய்வு பெற்ற செவிலியர், அரூர்

எடுத்துவிடாதீர்கள் தம்பி. இந்தத் தயக்கத்தை ஒவ்வொரு இரவுப் பணியிலும் பார்த்திருக்கிறேன். நான் செய்வது, மெட்டியைக் கழற்றியவுடன் அதை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து அந்தப் பெண்ணின் தலைமாட்டிலோ கணவரின் கையிலோ கொடுத்துவிடுவது. அப்படிச் செய்தபோது மாமியார்களும் மறுக்கவில்லை. விரல் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தால் சோப்பைத் தடவி, மெட்டிக்குக் கீழே ஒரு நூலின் நுனியை நுழைத்து, மெட்டியிலிருந்து விரல் நுனி நோக்கி நெருக்கமாக நூலைச் சுற்றி, மெட்டிக்குக் கீழே நுழைத்த நுனியைப் பிரிக்கப் பிரிக்க மெட்டி நகர்ந்து வரும். கடித்தது அதே பாதத்தில் என்றால் இதில் நேரம் கடத்தாமல் புறப்பட்டுவிட்டு, வண்டியில் போகும்போது முயலுங்கள். அந்த வரியை இப்படி எழுதுங்கள்: ‘மெட்டி, கொலுசு, வளையல், மோதிரத்தைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து வீட்டுக்காரர் கையில் கொடுக்கவும்.’